ரோமிலிருந்து ஓர்வியேத்தோவுக்குத் திடீர்ப் பயணம்: மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பேராசிரியர் வரவில்லை, வகுப்பு ரத்து. அல்லது தேர்வு நேற்றே முடிந்துவிட்டது, இன்று அறையில் இருக்கப் பிடிக்கவில்லை. ரோமில் படிக்கும் நம் பிள்ளைகள் இப்படி ஒரு நாள் கையில் கிடைத்ததும் "ஓர்வியேத்தோ போலாமா?" என்று ஆரம்பிப்பார்கள். ரோமிலிருந்து ரயிலில் போய் ஒரே நாளில் திரும்பிவிடக்கூடிய, பாறைமேல் இருக்கும் பழைய சிற்றூர் அது. அடுத்த அரை மணி நேரத்துக்குக் குழுவில் வந்து விழும் கேள்விகள் எல்லா ஆண்டும் ஒன்றேதான். அவற்றைக் கேட்டபடியே எடுத்துப்போட்டு, பதில் எழுதியிருக்கிறோம். கட்டணங்கள் ஆண்டுக்கு ஆண்டு சில்லறையாக ஏறும். இங்கே இருப்பவற்றைத் தோராயக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள்.

1. மலை ஊருன்னா ஊட்டி மாதிரியா? ஸ்வெட்டர் எடுக்கணுமா?

ஊட்டியை மறந்துவிடுங்கள். ஓர்வியேத்தோ கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம்தான். எரிமலைச் சாம்பல் இறுகிக் கல்லான 'தூஃபோ' பாறை மேசை போல எழுந்து நிற்கிறது. நாலாபக்கமும் செங்குத்தான சரிவு, மேலே தட்டையான பரப்பு, அந்தப் பரப்பு முழுக்க ஊர். குளிருக்காக ஏறிப் போன ஊர் இல்லை இது. எதிரி ஏறிவர முடியாது என்பதற்காகக் குடியேறிய ஊர். ரோமானியர்களுக்கு முன் இங்கே வாழ்ந்த எத்ருஸ்கர்கள் இதை வெல்ஸ்னா என்றார்கள். கி.மு. 264இல் ரோமானியர்கள் அழித்தார்கள். பிற்காலத்தில் ரோமில் தலைக்கு ஆபத்து வந்தபோது போப்பாண்டவர்கள் ஓடிவந்து ஒளிந்ததும் இங்கேதான்.

கோடையில் ரோம் அளவுக்கே வெயில் அடிக்கும். ஸ்வெட்டரை நவம்பர் முதல் மார்ச் வரை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே காற்று அதிகம். கோடையிலும் மெல்லிய சட்டை ஒன்று பையில் இருக்கட்டும். ஏன் என்பது 8, 9, 10ஆம் பதில்களில்.

2. இப்பவே மணி பத்து. இனிமே கிளம்பிப் பிரயோஜனம் உண்டா?

உண்டு. ரோமின் பெரிய ரயில் நிலையமான தெர்மினியிலிருந்து ரெஜியோனாலே எனப்படும் சாதாரண வட்டார ரயிலில் ஒன்றேகால் முதல் ஒன்றரை மணி நேரம், சிலவற்றில் இன்னும் கொஞ்சம் கூட. பதினொன்றுக்கு ஏறினால் ஒரு மணிக்குள் மேலே இருப்பீர்கள். ஊரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடக்க அரை மணி போதும். ஐந்து மணி நேரம் கிடைத்தால் நிம்மதியாகப் பார்க்கலாம்.

டிசம்பரில் மட்டும் யோசியுங்கள். நாலே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், பல இடங்களைக் குளிர்காலத்தில் ஐந்து மணிக்கே மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் பன்னிரண்டு மணிக்கு மேல் கிளம்புவது வீண். பிளாரன்ஸிலிருந்து வருவதானால் இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஒன்பதுக்குள் கிளம்பிவிட வேண்டும்.

3. கடைசி நிமிஷத்துல எடுத்தா டிக்கெட் விலை ஏறிடாதா?

ரெஜியோனாலே, ரெஜியோனாலே வெலோச்சே வண்டிகளில் ஏறாது. அவற்றுக்கு தூரத்தைப் பொறுத்த நிலையான கட்டணம். ஒரு மாதம் முன்னால் வாங்கினாலும் ஏறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் வாங்கினாலும் ஒரே விலை. இருக்கை எண்ணும் கிடையாது, இடம் இருந்தால் உட்கார வேண்டியதுதான். ரோமிலிருந்து ஒருவழிக்குப் பத்து யூரோவை ஒட்டி வரும். திட்டமே இல்லாமல் கிளம்புகிறவர்களுக்கு இந்த ஊர் தோதாக இருப்பதற்கு முதல் காரணம் இதுதான்.

இதே தடத்தில் சில இன்டர்சிட்டி வண்டிகளும் நிற்கும். அவை கொஞ்சம் வேகம், விலை கூடுதல், டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டுமே செல்லும். ரெஜியோனாலே டிக்கெட்டோடு இன்டர்சிட்டியில் ஏறினால் அபராதம். திரும்பி வரும்போது அவசரத்தில் நிறையப் பேர் செய்யும் தவறு இது. முதலில் வந்து நின்ற வண்டியில் ஏறாமல் பலகையில் வண்டியின் வகையைப் பாருங்கள்.

4. காசு குடுத்து வாங்கியாச்சே, அப்புறம் ஏன் அந்த மிஷின்ல சொருகணும்?

காகித டிக்கெட்டில் தேதி இருக்கும், எந்த மணி வண்டி என்ற கட்டாயம் இருக்காது. நேரத்தை அச்சடிக்காமல் விட்டால் அதே டிக்கெட்டில் அன்று முழுக்கப் போய்வரலாம் அல்லவா? அதற்காகத்தான் நடைமேடை முகப்பில் அந்தச் சின்ன இயந்திரம். டிக்கெட்டின் முனையைச் செருகினால் சத்தத்தோடு நேரம் பதியும். அதிலிருந்து நான்கு மணி நேரம் செல்லும். இயந்திரம் பழுது என்றால் ஏறியவுடன் நீங்களே பரிசோதகரைத் தேடிப்போய்ச் சொல்லுங்கள். அவர் உங்களைத் தேடி வந்தபின் சொன்னால் எடுபடாது. "வெளிநாட்டு மாணவன், தெரியாது" என்பதைத் தினமும் பத்துப் பேரிடம் கேட்கிறவர் அவர்.

ரயில் நிறுவனமான ட்ரெனித்தாலியாவின் செயலியில் வாங்கினால் செருகும் வேலை இல்லை. ஆனால் டிக்கெட்டில் 'செக்-இன்' பொத்தான் தெரிந்தால் ஏறுவதற்கு முன்பே அழுத்திவிடுங்கள். திரும்பும் டிக்கெட்டைக் காலையிலேயே வாங்க வேண்டியதில்லை. கைப்பேசியில் மின்சாரம் தீரும் நிலை இருந்தால் மட்டும் காகிதத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

5. அண்ணா, போர்டுல ஓர்வியேத்தோங்கிற பேரே இல்லையே?

இருக்காது. பலகையில் வண்டி கடைசியாகப் போய்ச் சேரும் ஊரின் பெயர்தான் வரும். பெரும்பாலும் ஃபிரென்ஸே (பிளாரன்ஸ்) என்றோ கியூசி என்றோ இருக்கும். செயலியில் வண்டி எண்ணைப் பார்த்து, பலகையில் அந்த எண்ணைத் தேடுங்கள். அங்கோனா, ஃபொலீன்யோ, பெருஜா என்று போட்டிருப்பவை நடுவழியில் வரும் ஓர்த்தே நிலையத்தில் வேறு பக்கம் திரும்பிவிடும். ஓர்த்தே வேறு, ஓர்வியேத்தோ வேறு. அறிவிப்பில் 'ஓர்' என்று கேட்டதும் ஓர்த்தேயில் குதித்து இறங்கி, அடுத்த வண்டிக்காக உட்கார்ந்திருப்பவர்கள் உண்டு.

இன்னொன்று, நடைமேடை. இந்த வண்டிகள் அடிக்கடி '1 எஸ்ட்', '2 எஸ்ட்' என்ற மேடைகளிலிருந்து புறப்படும். இவை ஒன்று, இரண்டாம் மேடைகள் அல்ல. தெர்மினியின் ஓரத்தில், முகப்பிலிருந்து ஏழெட்டு நிமிடம் தள்ளி இருப்பவை. பினாரியோ (நடைமேடை) எண்ணுக்குப் பின்னால் 'எஸ்ட்' இருந்தால் அப்போதே நடையைக் கட்டுங்கள்.

6. ஸ்டேஷன்ல இறங்கினா சாதா ஊராத்தான் இருக்கு, மலையைக் காணோம். தப்பா இறங்கிட்டோமா?

சரியாகத்தான் இறங்கியிருக்கிறீர்கள். இது அடிவாரத்துப் புதுக்குடியிருப்பு, பெயர் ஓர்வியேத்தோ ஸ்காலோ. வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் பாறையும் அதன் விளிம்பில் வீடுகளும் தெரியும். எதிரே சாலையைத் தாண்டினால் ஃபுனிகொலாரே எனப்படும் கம்பிவட ரயிலின் நிலையம். பழனியில் விஞ்ச் ஏறியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். அதே மாதிரி ஒரே கம்பிவடத்தில் இரண்டு பெட்டிகள், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும், நடுவழியில் ஒதுங்கிக் கடக்கும். 580 மீட்டர் தடம், 157 மீட்டர் ஏற்றம், இரண்டு நிமிடத்தில் மேலே பியாத்சா காஎன் சதுக்கம் வந்துவிடும்.

1888இல் இதைக் கட்டியபோது எந்திரமே இல்லை. மேல் பெட்டியின் தொட்டியில் தண்ணீரை நிரப்புவார்கள், அந்தக் கனத்தில் அது இறங்க, கீழ்ப்பெட்டி ஏறும். 1970இல் மூடப்பட்டு, 1990இல் மின்சாரத்தில் மீண்டும் ஓடத் தொடங்கியது. டிக்கெட் ஒன்றரை யூரோவுக்குள். அதிலேயே மேலிருந்து பேராலயம் வரை போகும் சிறு பேருந்தும் அடங்கும். அதை வைத்துக்கொண்டே புதிதாகப் பேருந்து டிக்கெட் வாங்குகிறவர்கள் அதிகம். வார நாட்களில் பத்து நிமிடத்துக்கு ஒன்று, ஞாயிறன்று கால் மணிக்கு ஒன்று. இரவு எட்டரையோடு நின்றுவிடும்.

7. மேல போனதும் எதுல ஆரம்பிக்கணும்?

இதில் மட்டும் எங்களுக்குப் பிடிவாதமான கருத்து உண்டு. இறங்கிய இடத்திலேயே இருக்கும் கிணறு (8ஆம் பதில்) முதலில். பிறகு கோர்சோ காவூர் தெரு வழியாகக் கால் மணி நடை, இரண்டு மணிக்குள் சாப்பாடு, மூன்றுக்கு மேல் பேராலயம், கடைசியாக மறுபடி காஎன் பக்கம் வந்து அல்போர்னோஸ் கோட்டைப் பூங்கா. பூங்காவுக்குக் கட்டணம் கிடையாது. மதில் ஓரத்தில் நின்றால் பாலியா ஆற்றுப் பள்ளத்தாக்கு முழுசும் தெரியும், விஞ்ச் பத்தடி தூரம்.

பேராலயத்தை ஏன் பிற்பகலுக்குத் தள்ளுகிறோம் என்றால், அதன் முகப்பு மேற்குப் பார்த்தது. காலையில் நிழலில் மங்கிக் கிடக்கும் தங்க மொசைக்குகள் மாலை வெயில் பட்டதும் பற்றி எரிவதுபோல் ஜொலிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வழிபாடு நடப்பதால் பார்வையாளர்களைப் பிற்பகல்தான் உள்ளே விடுவார்கள் என்பதும் ஒரு காரணம். எல்லாவற்றையும் ஒரே அட்டையில் பார்க்க 'கார்த்தா ஊனிகா' உண்டு. அரை நாளுக்கு அது கட்டுப்படியாகாது.

8. ஒரு கிணத்தைப் பாக்கவா அஞ்சு யூரோ?

ஆமாம், கொடுங்கள். 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோமைச் சூறையாடியபோது போப் ஏழாம் கிளெமென்ட் தப்பி இங்கே வந்து சேர்ந்தார். பாறைமேல் இருக்கும் ஊரை முற்றுகையிட்டால் தாகத்திலேயே பணிய வைத்துவிடலாம் என்ற பயம். அன்தோனியோ த சங்கால்லோ என்ற கட்டடக் கலைஞரிடம் கிணறு வெட்டச் சொன்னார். வேலை முடிந்தது 1537இல், கிளெமென்ட் இறந்து மூன்று ஆண்டுக்குப் பிறகு. சான் பத்ரீசியோ கிணறு என்று பெயர். சுமார் 53 மீட்டர் ஆழம், 13 மீட்டர் அகலம்.

விஷயம் ஆழத்தில் இல்லை, படியில் இருக்கிறது. கிணற்றைச் சுற்றி இரண்டு சுழல்பாதைகள், ஒன்றின்மேல் ஒன்றாகப் பின்னிக்கொண்டு போகும், எங்கேயும் சந்திக்காது. ஒவ்வொன்றிலும் 248 படிகள். வெறும் குடத்தோடு கோவேறு கழுதை ஒன்றில் இறங்கும், அடியில் சின்னப் பாலத்தைத் தாண்டி, நிறைகுடத்தோடு மற்றதில் ஏறும். எதிரும் புதிருமாக மோதவே வாய்ப்பில்லை. படிகள் தாழ்வாக, அகலமாக இருப்பது கழுதையின் நடைக்காக. நம் நடைக்கு ஒரு படிக்கு ஒன்றரைக் காலடி வைக்க வேண்டிவரும், தாளம் தப்பும். நடுக்கிணற்றைப் பார்த்தபடி 70 சன்னல்கள். வெளிச்சம் அவற்றின் வழியாகத்தான். எதிர்ப்பாதையில் போகும் நண்பனின் தலை சன்னலில் தெரியும், ஆனால் அவனிடம் போய்ச் சேர முடியாது.

உள்ளே ஈரமும் குளிருமாக இருக்கும், படி வழுக்கும். செருப்பு வேண்டாம், ஷூ போடுங்கள். முட்டிவலிக்காரர்களுக்கும் மூச்சிரைப்பு உள்ளவர்களுக்கும் ஒரே எச்சரிக்கை: நடுவில் வெளியேற வழி இல்லை, லிஃப்ட்டும் இல்லை.

9. பேராலயத்தை வெளிய நின்னு பாத்தாலே போதும்னு சொல்றாங்களே?

பாதி உண்மை. 1290இல் தொடங்கிய கட்டடம். முகப்பை வடிவமைத்தவர் லொரென்சோ மைத்தானி. வாசல்களை ஒட்டிய நான்கு தூண்பரப்புகளிலும் கண்மட்டத்திலிருந்தே பளிங்குச் செதுக்கல்கள். இடக்கோடியில் படைப்பு, வலக்கோடியில் இறுதித் தீர்ப்பு. ஆதாம் தூங்குகிறான், அவன் விலாவிலிருந்து எலும்பு எடுக்கப்படுகிறது. கோயில் தூண்சிற்பம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இங்கே அரை மணி போவது தெரியாது. இதற்குக் காசு இல்லை.

ஆனால் உள்ளே வலப்பக்கம் சான் பிரித்சியோ சிற்றாலயத்தில் லூக்கா சின்யொரெல்லி 1499 முதல் 1504 வரை தீட்டிய சுவரோவியங்கள் இருக்கின்றன. உலக முடிவு, மண்ணிலிருந்து எலும்பும் தசையுமாக எழுந்துவரும் மனிதர்கள், நரகம். அதைப் பார்க்காமல் வருவது சாப்பிடப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவது போல. அருங்காட்சியகமும் சேர்ந்ததா என்பதைப் பொறுத்து ஐந்திலிருந்து எட்டு யூரோ வரை ஆகும். டிக்கெட் வாசலில் கிடைக்காது, சதுக்கத்தில் இருக்கும் அலுவலகத்தில் வாங்க வேண்டும். தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும். முதல் பதிலில் சொன்ன மெல்லிய சட்டை இங்கே கைகொடுக்கும்.

10. பாதாள டூர்னு ஒண்ணு இருக்கே, அதுவும் வேணுமா?

நேரம் இருந்தால். பாறை மென்மையானது என்பதால் எத்ருஸ்கர் காலம் முதல் ஆளாளுக்கு வீட்டுக்கடியில் குடைந்துவிட்டார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட குகைகள். எண்ணெய்ச் செக்கு, கிணறு, சுவர் முழுக்கச் சதுர மாடங்கள் வெட்டிப் புறா வளர்த்த அறைகள் என்று ஒரு மணி நேரம் வழிகாட்டியோடு சுற்றிக் காட்டுவார்கள். தனியாக விடமாட்டார்கள். ஆங்கிலச் சுற்றுக்கு நாளுக்குச் சில நேரங்கள்தான். மேலே போனதும் பேராலயச் சதுக்கத்து அலுவலகத்தில் முதல் வேலையாகக் கேளுங்கள். உள்ளே கோடையிலும் குளிரும்.

11. ஒரு மணிக்கு மேல எல்லாக் கடையும் சாத்தியிருக்கு. ஊர்ல ஏதாவது துக்கமா?

இல்லை, எல்லோரும் சாப்பிட்டுப் படுத்திருக்கிறார்கள். சிறிய ஊர்களில் ஒன்றிலிருந்து மூன்றரை, நான்கு வரை கடை அடைப்பு வழக்கம். உணவகச் சமையலறைகளும் இரண்டரைக்கு மேல் அடுப்பை அணைத்தால் இரவு ஏழுக்குத்தான். ரோமின் நடுவில் இருந்து பழகியவர்கள் இங்கேதான் பட்டினியில் மாட்டுவார்கள். மூன்று மணிக்குப் பசித்தால் இங்கே பார் எனப்படும் காப்பிக்கடைதான் கதி, சாண்ட்விச் கிடைக்கும்.

வியாழன், சனி காலைகளில் பியாத்சா தெல் போப்போலோவில் சந்தை. பழமும் பாலாடைக்கட்டியும் வாங்கிக்கொண்டு அல்போர்னோஸ் பூங்காவில் உட்காருவது மலிவான சாப்பாடு.

12. நான் சுத்த சைவம். பட்டினி கிடக்கணுமா?

வேண்டாம். இந்த ஊர்ப் பாஸ்தாவின் பெயர் உம்ப்ரிகெல்லி. மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துக் கையால் உருட்டியது, தடித்த நூல் மாதிரி இருக்கும். அதை 'அர்ராபியாத்தா' என்று கேட்டால் தக்காளி, பூண்டு, மிளகாய். நம் நாக்குக்கு அவ்வளவாகக் காரமிருக்காது. ரொட்டியில் உப்பே போட மாட்டார்கள், மறந்துவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம்.

பேக்கரியில் நத்தைபோல் சுருட்டிய லுமக்கெல்லா என்ற ரொட்டி அழகாகக் கண்ணை இழுக்கும். அதற்குள் பன்றி இறைச்சித் துண்டுகள் இருக்கும். 'சென்சா கார்னே' (இறைச்சி இல்லாமல்) என்று மட்டும் சொன்னால் பன்றித் துண்டைக் கணக்கில் சேர்க்காதவர்களும் உண்டு. 'சோனோ வெஜெத்தாரியானோ', பெண்ணானால் 'வெஜெத்தாரியானா' (நான் சைவம்) என்று தெளிவாகச் சொல்லுங்கள். சிங்கியாலே என்றால் காட்டுப்பன்றி.

13. பில்லுல நாம கேக்காத எதுக்கோ ரெண்டு யூரோ போட்டிருக்காங்களே?

கொப்பெர்த்தோ. மேசைக்கும் ரொட்டிக்கும் ஆளுக்கு இவ்வளவு என்று வாங்குவது, பட்டியலிலேயே அச்சடித்திருக்கும். பாரிலும் நின்று குடிக்கும் காப்பி ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. பேராலயத்துக்கு எதிரே உட்கார்ந்தால் இன்னும் வேறு.

14. பெர்மெஸ்ஸோ இன்னும் வரல, போஸ்ட் ஆபீஸ் ரசீதுதான் இருக்கு. ஊர் தாண்டலாமா?

பெர்மெஸ்ஸோ என்ற தங்கும் அனுமதி அட்டை இன்னும் வராவிட்டாலும் இத்தாலிக்குள் எங்கேயும் போகலாம். ஓர்வியேத்தோ இத்தாலியின் உம்ப்ரியா மாநிலத்தில் இருப்பதால் எந்தச் சிக்கலும் இல்லை. ரசீதின் மூலத்தையும் பாஸ்போர்ட்டையும் கையில் வைத்திருங்கள். காவலர் கேட்டால் காட்ட வேண்டியது சட்டக் கடமை, கைப்பேசிப் படம் போதாது. ரசீதை நம்பி அடுத்த நாட்டு எல்லையைத் தாண்டுவதுதான் ஆபத்து.

15. ஸ்டூடண்ட் கார்டு காட்டினா குறைப்பாங்களா? முதல் ஞாயிறு எல்லாம் ஃப்ரீயாமே?

கிணற்றில் மாணவர் சலுகை உண்டு, பல்கலைக்கழக அட்டையைக் காட்டுங்கள். 18 முதல் 25 வயதினருக்கு இரண்டு யூரோ என்று நீங்கள் கேள்விப்பட்டது அரசு அருங்காட்சியகங்களில், அதுவும் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் செல்லாது. முதல் ஞாயிறு இலவசம் நமக்கும் உண்டு, ஆனால் அரசு இடங்களில் மட்டும். இங்கே தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகமும், பாறையடியில் இருக்கும் எத்ருஸ்கர் கல்லறைத் தொகுதியான குரோச்சிஃபிஸ்ஸோ தெல் தூஃபோவும் அதில் சேரும். கிணறும் பேராலயமும் சேராது.

16. பக்கத்துலயே சிவித்தாவாம். ஒரே நாள்ல ரெண்டையும் முடிச்சிடலாமா?

பத்து மணிக்குக் கிளம்பியவர்கள் முடிக்க முடியாது. சிவித்தா தி பான்யோரேஜோ என்ற சிற்றூருக்கு கோத்ரால் பேருந்து முக்கால் மணிக்கு மேல் எடுக்கும், ஒரு நாளுக்குச் சில வண்டிகளே, ஞாயிறன்று நம்பவே கூடாது. இறங்கியபின் ஊருக்குள் நடந்து, அதன்பின் நடைபாலம், நுழைவுக் கட்டணம் ஐந்து யூரோ. திரும்பும் பேருந்தும் மாலையிலேயே முடிந்துவிடும், விட்டால் டாக்சிதான். அதற்கென்று ஒரு நாள், காலை ஏழு மணி வண்டியில் போங்கள்.

17. மேல இருக்கும்போதே ரயில் ஸ்டிரைக்குன்னு தெரிஞ்சுது. மாட்டிக்கிட்டோமா?

ஷோப்பெரோ (வேலைநிறுத்தம்) இங்கே திடீரென்று வருவதில்லை, நாட்கள் முன்பே அறிவித்துவிடுவார்கள். போக்குவரத்து அமைச்சகத்தின் இணையப் பக்கத்தில் பட்டியல் இருக்கும். கிளம்பும் முன் ஒரு நிமிடம் பார்த்தால் போதும். பார்க்காமல் வந்துவிட்டாலும், வேலை நாட்களில் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 வரை உறுதிசெய்யப்பட்ட ரெஜியோனாலே வண்டிகள் ஓடியாக வேண்டும். மாலை ஆறு மணிக்கு அடிவாரத்து நிலையத்தில் இருங்கள், கூட்டமாக இருக்கும். ஞாயிறிலும் விடுமுறை நாளிலும் இந்த உறுதி இல்லை.

18. கடைசி வண்டியை விட்டுட்டா என்ன பண்றது?

முதலில், விடுவது எப்படி என்று பாருங்கள். பெரும்பாலும் ரயில் நேரத்தைப் பார்த்து வைத்திருப்பார்கள், விஞ்ச் எட்டரையோடு நிற்பதை மறந்திருப்பார்கள். ஒன்பது மணி வண்டிக்கு எட்டே முக்காலுக்குக் காஎன் வந்தால் கதவு சாத்தியிருக்கும். நடந்து இறங்க அரை மணி ஆகும், பாதை இருட்டு. எட்டுக்கே கீழே வந்துவிடுங்கள்.

உண்மையாகவே போய்விட்டால், செயலியில் ரெஜியோனாலே வடிகட்டியை எடுத்துவிட்டு இன்டர்சிட்டி ஏதாவது வருகிறதா என்று தேடுங்கள், புதிய டிக்கெட் வாங்க வேண்டியிருக்கும். அதுவும் இல்லையென்றால் டாக்சியில் ரோம் வரை போக நினைக்காதீர்கள். 100 கிலோமீட்டருக்கு மேல், ஆளுக்கு ஒரு மாத மளிகைச் செலவு ஆகிவிடும். ஸ்காலோவிலேயே நிலையத்தை ஒட்டிச் சிறிய விடுதிகள் இருக்கின்றன. இருவர் மூவராகப் பகிர்ந்துகொண்டு, காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். அறை எடுக்கும்போது பாஸ்போர்ட் கேட்பார்கள், 14ஆம் பதிலில் சொன்னபடி அது கையில்தான் இருக்கும்.